நாலாயிரம் கண் வேண்டாம், ரெண்டு கண் போதும்: குழந்தைகளோடு ஒரு செங்கோட்டுப் பயணம்

ஓம் சரவணபவ. 

இந்த வாரப் பாடம் என்னோட ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது.

போன முழுப்பரீட்சை லீவுக்கு அக்கா பொண்ணு எங்க வீட்டுக்கு வந்திருந்தாள். மூணாவது முடிச்சவள். நான் சாஃப்ட்வேர் ஆள் இல்லையா, எக்செல் ஷீட் போட்டே ஒரு பிளான் பண்ணேன். காலை 6 மணிக்குக் கிளம்பி, நாமக்கல் ஆஞ்சநேயர், கபிலர்மலை, திருச்செங்கோடு என்று ஒரே நாளில் அஞ்சு கோயில். எல்லாம் காரில். ஒவ்வொரு இடத்திலும் இருபது, முப்பது நிமிஷம். பிளான் அச்சுப் பிசகாமல் முடிந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்பா அவளிடம், "எந்தக் கோயில் கண்ணு உனக்குப் பிடிச்சது?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, "ஐஸ்கிரீம் வாங்கினமே, அந்தக் கோயில் அப்புச்சி" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வழி நெடுக அவள் கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்தது நான்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிளம்பினோம். ஒரே ஒரு மலை, திருச்செங்கோடு. இந்த முறை படி வழியாக. முழங்கால் வலியால் அப்பா மட்டும் மலைப்பாதையில் வண்டியில் மேலே போய்க் காத்திருந்தார்.

படியில் என்ன படிக்கலாம்?

மொத்தம் சுமார் 1200 படிகள். எண்ணிக்கொண்டே ஏறுவது அவள் வேலை. பாதி வழியில் நாகர்பள்ளம் வருகிறது. பாறையிலேயே செதுக்கிய அஞ்சு தலை நாகம், சுமார் 60 அடி நீளம். மேலெல்லாம் மஞ்சளும் குங்குமமும். "இவ்வளவு பெரிய பாம்பை எதுக்கு மாமா செதுக்கினாங்க?" என்றாள். இந்த மலைக்கே நாககிரி என்று ஒரு பேர் உண்டு என்றேன். உடனே எட்டிப் பார்த்து, மலையே படுத்திருக்கிற பாம்பு மாதிரி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள். காரில் போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அதுக்கு மேலே அறுபதாம்படி. அந்தக் காலத்தில் வழக்கு வம்பு என்றால் ஜனங்கள் இங்கே வந்துதான் சத்தியம் பண்ணுவார்களாம். இந்தப் படியில் நின்று பொய் சொல்லப் பயப்படுவார்கள். நான் இதைச் சொன்னதும் அவள் அப்படியே நின்றாள். "மாமா, நடுவுல ரெண்டு தடவை எண்ணிக்கை விட்டுட்டேன். சும்மா குத்துமதிப்பா சொல்லிட்டு வந்தேன்." நீதிபோதனை வகுப்பு தனியாக வேண்டுமா சொல்லுங்கள்!

மேலே போனதும் அப்பா அவளை வெளிப்பக்கம் கூட்டிப்போய் ஊரைக் காட்டினார். கீழே வரிசையாக ரிக் வண்டிகள். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் குறைவு. தூரத்தில் சங்ககிரி மலை. 1805ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை அங்கேதான். புத்தகத்தில் படித்த பேர் கண்ணுக்கு எதிரே ஒரு மலையாக நின்றது.

சன்னதியில்

மூலவர் அர்த்தநாரீஸ்வரர், பாதி அப்பன், பாதி அம்மை. திருஞானசம்பந்தர் தன்னோடு வந்த அடியார்களின் குளிர்சுரம் தீரத் திருநீலகண்டப் பதிகம் பாடியது இந்த ஊரில்தான். நம்ம ஆள் செங்கோட்டு வேலவர் தனிச் சன்னதியில், கையில் வேலோடும் சேவலோடும் நிற்கிறார். சிலப்பதிகாரமே திருச்செந்தூரோடு சேர்த்துச் சொல்லும் பழைய முருகன் தலம் செங்கோடு.

கந்தரலங்காரத்தில் அருணகிரிநாதர் இந்தச் செங்கோடனைப் பற்றி ஓர் ஏக்கம் சொல்கிறார். இவனைப் போய்க் கண்டு தொழ பிரம்மன் தனக்கு நாலாயிரம் கண் படைக்கவில்லையே என்று. இத்தனை நாள் இதை அழகான கற்பனை என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு வேறு மாதிரி உறைத்தது. அவர் நாலாயிரம் கண் இல்லையே என்று ஏங்கினார். நாம் குழந்தைக்கு இருக்கிற ரெண்டு கண்ணையும் ஸ்கிரீனுக்குக் கொடுத்துவிட்டு, "சாமி கும்பிடு" என்று தலையை மட்டும் திருப்புகிறோம்.

அடுத்த லீவுக்கு நீங்களும் செய்ய:

1. ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். பட்டியல் நீளமாக இருந்தால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு லீவுக்கு வையுங்கள்.

2. முடிந்தவரை படி ஏறுங்கள். வெயில் ஏறுவதற்குள், தண்ணீர் பாட்டிலோடு. தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள், குரங்குகள் உண்டு. முடியாத பெரியவர்களை வண்டியில் அனுப்புங்கள். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், கதை அவர்களிடம்தான் இருக்கிறது.

3. குழந்தைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆத்தூர் பக்கம் புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலை முருகனிடம் போனால், அடியில் நின்று உயரத்தை ஊகிக்கச் சொல்லுங்கள். 2022ல் கும்பாபிஷேகம் ஆன இந்தச் சிலை 146 அடி. மலேசியா பத்துமலை முருகன் 140 அடி. ரெண்டையும் செய்தது ஒரே ஸ்தபதி, திருவாரூர் தியாகராஜன் என்று அப்புறம் சொல்லுங்கள். கபிலர்மலைக்குப் போனால், கபிலர் யார் என்று முந்தின நாளே தேடி வைக்கச் சொல்லுங்கள்.

4. போன் பெரியவர்கள் பையில் இருக்கட்டும். உங்களுடையதும் சேர்த்துத்தான். கடைசியில் ஒரு போட்டோ போதும்.

அன்றைக்கு இறங்கும்போது அவள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். அப்பா வண்டியில் போகாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதல் பத்துப் படி மட்டும் கூட இறங்கினார். என்னையும் இந்தப் படியில் இப்படிக் கைபிடித்து எண்ண வைத்தவர் அவர்தான். பதினொன்றாம் படியில் நின்று, "மிச்சத்தை நீ எண்ணிட்டு வந்து அப்புச்சிகிட்டச் சொல்லு சாமி" என்றார்.

அவருக்கு அடுத்த வருஷம் அந்தப் பத்துப் படியும் முடியுமா தெரியாது. லீவு வரட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!