பின்னால் ஆள் ஏற வேண்டாம்

கேள்வி: அப்பா தோட்டத்தில் கண்டக்டராக இருந்த காலத்தில் வாங்கிய பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று பல வருடமாக ஓடாமல் வீட்டில் நிற்கிறது. கண்டியில் ஒரு கராஜில் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணனின் பட்டா லொறியில் ஏற்றி, கயிறு போட்டு, தம்பிமார் இருவர் பின்னால் ஏறிப் பிடித்துக்கொண்டால் கம்பளை வழியாக இறங்கிவிடலாம் என்கிறார்கள். சரிவருமா?
— வாசகர், இறம்பொடை

பதில்: பட்டா போதும். தம்பிமார் இருவரும் பின்னால் ஏறவே கூடாது. ஆள் பிடித்தால்தான் நிற்கும் என்றால் அந்த சைக்கிள் இன்னும் கட்டப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

உங்கள் புல்லட் ஏறக்குறைய 180 கிலோ. சடுதியாகப் பிரேக் போட்டால் சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு முன்னோக்கித் தள்ளும், வளைவில் பாதி எடை பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும் என்பது ஐரோப்பாவின் சரக்குக் கட்டும் நியமம். உங்கள் கணக்கில் அது முன்னால் 144 கிலோ, பக்கத்தில் 90 கிலோ. மூன்று சீமெந்து மூட்டை ஒரே நேரத்தில் வந்து மோதினால் எந்தப் பிள்ளையால் தாங்க முடியும்? கால் லொறியின் பக்கப் பலகைக்கும் சைக்கிளுக்கும் நடுவில் அகப்பட்டால் எலும்பு மிஞ்சாது.

பாதையும் சாதாரணமானதல்ல. 2025 மே 11 அதிகாலையில் இதே பாதையில் கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாரதியின் கண் முழுவதும் வளைவில் இருக்க வேண்டிய இடம் அது. பின்னால் ஒருவர் கத்தினால் அவர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார். வளைவு தெளிவாகத் தெரியவும் வேண்டும்; ஆகவே பனிமூட்டம் விலகி, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள்.

ஏற்றுவதற்குப் பலகையைத் தேடுமுன் மண்மேட்டைத் தேடுங்கள். மலைநாட்டில் நமக்கு இருக்கும் பெரிய வசதி இது. மடுவத்துப் பக்கமோ பாதையோரத்திலோ லொறித் தட்டின் உயரத்துக்கு ஒரு மேடு கிடைக்கும். லொறியின் பின்புறத்தை அதோடு ஒட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டால், சைக்கிளைச் சமதரையில் போலத் தள்ளி ஏற்றலாம். மேடு கிடைக்காவிட்டால் 8 அடிக்குக் குறையாத தடித்த பலகை இரண்டு வேண்டும்: ஒன்று சைக்கிளுக்கு, மற்றது தள்ளுகிறவர் நடக்க. பலகையின் மேல்நுனியை லொறியோடு கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் சக்கரம் ஏறும் வேகத்தில் பலகை பின்னால் வழுக்கிவிடும். இப்படியும் விபத்து நடக்கிறது.

பட்டாவின் தட்டு 7 அடி, புல்லட்டும் ஏறக்குறைய அதே நீளம். முன் சக்கரத்தை முன் பலகையில் முட்டவிட்டு, இரு பக்கமும் மரக்கட்டை அடித்து அசையாமல் செய்யுங்கள். சக்கரத்துக்கும் முன் பலகைக்கும் நடுவில் பழைய டயர் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். டயர் அமுங்கும், அமுங்கினால் கட்டுத் தளரும். சைட் ஸ்டாண்டிலோ நடு ஸ்டாண்டிலோ விடாதீர்கள். இரண்டு சக்கரத்திலும் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

கயிறு வேண்டாம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். லபுக்கலைப் பக்கம் மழையில் நைலோன் கயிறு போட்டு ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தேன். நைலோன் நனைந்தால் நீளும். இரண்டாவது வளைவில் சைக்கிள் சரிந்து டேங்க் நசுங்கியது. நல்லவேளை, பின்னால் ஆள் இருக்கவில்லை. பொலியெஸ்டர் ரெச்சட் பெல்ட் நான்கு வாங்குங்கள். முன் இரண்டையும் ஹேண்டில் நுனியில் மாட்டாமல், அதற்குக் கீழே முன் போர்க் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்பில் மாட்டி, தட்டின் முன் மூலைகளுக்குச் சாய்வாக இழுங்கள். முன் சொக் பாதி அமுங்கும்வரை இறுக்கினால் போதும். முழுக்க அமுக்கினால் எண்ணெய் சீல் பழுதாகும். பின் இரண்டும் சீட்டுக்குக் கீழுள்ள சட்டத்திலிருந்து பின் மூலைகளுக்கு. கெரியரிலோ சைலன்சரிலோ கட்டாதீர்கள். டேங்கில் பெற்றோல் இருந்தால் வடித்துவிடுங்கள்.

புறப்பட்டு முதல் சில வளைவுகள் கடந்ததும் நிறுத்தி நான்கு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பாருங்கள். புசல்லாவையில் இன்னொரு முறை பாருங்கள். இறக்கத்தில் லொறியை இரண்டாம் கியரில் விடச் சொல்லுங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

கண்டியில் இறக்கும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். சைக்கிள் பின்பக்கமாக இறங்கும்போது பாரமெல்லாம் பின் சக்கரத்தில் இருக்கும். முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். எஞ்சினை நிறுத்திய நிலையில் முதலாம் கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். கிளச்சை விட்டதும் பின் சக்கரம் நின்றுவிடும். அப்பா காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும். உதவிக்கு வரும் கராஜ் பையனுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.