இளம் பட்டுப்புழுவுக்கு உணவும் பேணுகையும்

தறியில் பாவு இழை ஓயாது அறுபட்டால், நெசவாளர் நூல் முறுக்கினவரைக் குறை கூறுவார். முறுக்கினவர், கூட்டிலிருந்து நூல் இழைத்தவரைச் சாடுவார். இழைத்தவர் கூடு விற்ற குடியானவரைச் சுட்டுவார். குடியானவரோ வானத்தைக் காட்டுவார். கைமாறிக்கொண்டே செல்லும் இந்தப் பழி, பல வேளைகளில், புழு முட்டையை விட்டு வெளிவந்த முதல் எட்டு நாட்களிற் போய் நிற்கவேண்டியதாகும். அந்த எட்டு நாட்களைப் பற்றியதே இப்பாடம். மல்பெரி பயிரிடும் அங்கத்தினர்க்கு இது தொழிற் செய்தி. தறி நெய்யும் அங்கத்தினர்க்கோ தம் கையிலுள்ள இழையின் பிறப்பு வரலாறு.

ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைகளை ஒரு முட்டைத் தொகுதி என்கிறோம். 100 தொகுதிகளிலிருந்து ஏறத்தாழ 40,000 முதல் 50,000 புழுக்கள் வெளிவரும். பிறந்த அன்று ஒரு புழுவின் எடை அரை மில்லிகிராமுக்கும் குறைவு. அதே புழு நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து, கூடு கட்டும் தறுவாயில் ஏறத்தாழ பதினாயிரம் மடங்கு எடை கூடிவிடுகிறது. இந்த 100 தொகுதிப் புழுக்கள் தம் வாழ்நாளில் ஏறக்குறைய 1,000 கிலோ இலையை உண்ணுமெனில், முதல் இரண்டு பருவங்களில் அவற்றிற்கு வேண்டுவது பத்துக் கிலோ அளவே. நூற்றில் ஒரு பங்குதானே என்ற எண்ணத்தாற்போலும், நம்மிற் பலர் இந்நாட்களை வீட்டுச் சிறுவர் பொறுப்பில் விட்டுவிட்டு, ஐந்தாம் பருவத்தில் மட்டும் இராப்பகலாய் விழித்துப் பாடுபடுகிறோம்.

புழுவுக்குத் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. அறையின் சூடே அதன் சூடு. குளிர்ந்த அறையில் அது மெல்லத் தின்னும், மெல்ல வளரும், ஒன்றுக்கொன்று பிந்திப்போகும். முதற் பருவத்தில் 27 முதல் 28 பாகை செல்சியசும், இரண்டாம் பருவத்தில் அதனினும் ஒரு பாகை குறைவாகவும் இருத்தல் நன்று. ஓசூர், தாளவாடி போன்ற மேட்டுநிலங்களில் மார்கழி இரவுகளில் அறையைச் சூடாக்காமல் இந்த அளவைக் காத்தல் இயலாது. கரியடுப்பு வைப்போர் அதனை அறைக்கு வெளியே நன்கு பற்றவைத்து, புகை முற்றும் அடங்கிய பின்னரே உள்ளே கொணர்தல் வேண்டும். மின்சாரச் சூடேற்றியே உத்தமம். எதுவாயினும், சுவரில் ஒரு வெப்பமானி இல்லாத வளர்ப்பறையில் மற்ற எந்தச் செலவும் வீண் என்பது என் கருத்து.

சூட்டைவிட ஈரம் மிகுதியும் புறக்கணிக்கப்படுகிறது. புழு தண்ணீர் குடிப்பதில்லை. இலையிலுள்ள நீரே அதன் நீர். நறுக்கிய இளந்தளிர் வறண்ட அறையில் அரை மணி நேரத்திலேயே சுருளத் தொடங்கும். சுருண்ட இலையைச் சிறு புழுவின் வாய் கடிக்காது. ஆகவே காற்றின் ஈரப்பதம் 85 முதல் 90 விழுக்காடு இருக்கவேண்டும். தட்டின் அடியில் மெழுகுத்தாள் விரித்து, மேலும் ஒரு மெழுகுத்தாளால் மூடி, ஓரங்களில் நனைத்த பஞ்சுறைப் பட்டைகளை வைத்தால் இந்த ஈரம் நிற்கும். ஒவ்வொரு முறை இலை இடுவதற்கும் அரை மணி முன்பாக மேல்தாளை எடுத்துக் காற்றாட விடுதல் வேண்டும்.

இனிப் பொரிப்புக்கு வருவோம். பொரிவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் ஒவ்வொரு முட்டையிலும் ஊசிமுனை போன்ற ஒரு கரும்புள்ளி தோன்றும். அதைக் கண்டவுடன் முட்டைத் தாளைக் கறுப்புத் துணியில் அல்லது கறுப்புத் தாளில் சுற்றி இருட்டில் வைக்கவேண்டும். முந்தி வளர்ந்த கருக்கள் இருளிற் காத்திருக்க, பிந்தியவை வந்து சேர்ந்துகொள்ளும். மூன்றாம் நாள் விடியற்காலையில் வெளிச்சம் காட்டினால் பெரும்பாலானவை ஒருங்கே பொரியும். பொடியாக அரிந்த தளிரை மேலே தூவினால் புழுக்கள் அதில் ஏறும். பின் மெல்லிய இறகினாலே தட்டுக்கு மாற்றிவிடலாம்.

இதை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. என் தொடக்க நாட்களில் ஒருமுறை முட்டைத் தாளைத் திறந்த கூடத்திலேயே வைத்திருந்தேன். பாதி ஒரு நாளும் மீதி மறுநாளும் பொரித்தன. இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்துவிட்டேன். முதல் தோலுரிப்பு வந்தபோது சில புழுக்கள் அசையாது கிடக்க, சில பசியோடு அலைந்தன. பசித்தவற்றிற்கு இலை போட்டேன். உறங்கியவை இலைக்கடியிற் புதைந்தன. கூடு கட்டியபோது சிறிதும் பெரிதும் கலந்து நின்றன. அங்காடியில் நூல் இழைப்பவர் ஒருவர் குவியலிற் கையை விட்டு அள்ளிப் பார்த்தார்; ஒன்றும் பேசாமல் அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். அவர் செய்ததிற் பிழையில்லை. கூடுகளை ஒரே தொட்டியில் வேகவைத்தே இழை எடுக்கிறார்கள். தடித்த கூடு வேகுமுன் மெலிந்தது குழைந்துவிடும். இழை அடிக்கடி அறும். ஒட்டிய இடமெல்லாம் முடிச்சாகும். அந்த முடிச்சுகளே காஞ்சியிலோ ஆரணியிலோ ஒரு நெசவாளரின் பொழுதைத் தின்னும்.

இலைத் தேர்வில் ஓர் எளிய வழி உண்டு. கிளை நுனியிலிருந்து எண்ணி வந்தால், மிகப் பளபளப்பாயும் அகலமாயும் உள்ள இலை ஒன்று பெரும்பாலும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நிற்கும். முதற் பருவத்துக்கு அதுவும் அதற்குச் சற்று மேலுள்ளதுமே தக்கன. இரண்டாம் பருவத்துக்கு அதன்கீழ் இரண்டொரு இலை வரை கொள்ளலாம். விடியலிலோ மாலையிலோ பறித்து, ஈரச் சாக்கால் மூடிவைக்கவேண்டும். புகையிலைக் கொல்லையை அடுத்த இலையும், பூச்சிமருந்து தெளித்த வயலின் காற்றுப்பட்ட இலையும் புழுவுக்கு நஞ்சு. பக்கத்து நிலத்துக்காரர் என்று மருந்து தெளிப்பார் என்பதை முன்கூட்டிக் கேட்டறிவது அண்டை உறவுக்கும் நல்லது.

முதற் பருவத்தில் இலையை அரை சென்டிமீட்டர்ச் சதுரமாக அரிந்து, நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை இடுக. நெருக்கம் ஆகாது. 100 தொகுதிப் புழுக்கள் முதல் நாள் நான்கு சதுர அடியில் அடங்கும். இரண்டாம் பருவ முடிவில் அவற்றிற்கு 45 சதுர அடி வேண்டும். இடத்தை நாள்தோறும் விரித்துக்கொண்டே போகவேண்டும்.

தோலுரிப்பே இப்பாடத்தின் கடினமான பகுதி. ஏறத்தாழ மூன்று நாள் தின்ற பின்னர்ப் புழுக்கள் உண்பதை நிறுத்தும், உடல் மினுமினுக்கும், தலையை நிமிர்த்தி அசையாது நிற்கும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இவ்வாறு நின்றதும் இலை இடுவதை நிறுத்தி, மேல்தாளையும் பஞ்சுறைப் பட்டைகளையும் எடுத்துவிட்டு, நீற்றுச் சுண்ணாம்புத் தூளை மெல்லத் தூவுக. படுக்கை உலரும், மீந்த இலை காயும், முந்தி விழித்தவை தனியே தின்று முன்னேறுதல் தடைப்படும். ஏறக்குறைய ஒரு நாளில் தோலுரித்து எழத் தொடங்கும். அப்போது முதலில் எழுந்தவை தலையாட்டி இலை தேடுவதைக் காணப் பொறுக்காது. பொறுத்தே ஆகவேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எழும்வரை ஓர் இலையும் இடலாகாது. முந்தியவை சில மணி நேரம் பட்டினி கிடப்பதால் வரும் கேடு சிறிது. பிந்தியவை கூட்டம் தவறிப்போவதால் வரும் கேடு கடைசி வரை தொடரும்.

நோய்களுள் பால்புழு நோய் பெரும்பாலும் இளம் பருவத்திலேயே தொற்றி, நான்காம் ஐந்தாம் பருவங்களில் வெளிப்படுகிறது. இலையெல்லாம் செலவான பின்னர் புழு சாகிறது. எனவே புழு வருமுன் அறையையும் தட்டுகளையும் கழுவி, மருந்திட்டு, மூடிவைக்கவேண்டும். கையைச் சோப்பிட்டுக் கழுவாதவர் எவரும் உள்ளே புகலாகாது. பெப்ரின் என்னும் நோயோ தாய்ப் பூச்சியின் வழியே முட்டையிலேயே வந்துவிடும். 1865-இல் பிரான்சின் தென்பகுதியில் இந்நோயை ஆராயத் தொடங்கிய லூயி பாஸ்டர், முட்டையிட்ட தாய்ப் பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியிற் பார்த்து, நோய்வித்து இருப்பின் அதன் முட்டைகளை அழித்துவிடும் முறையை வகுத்தார். இன்றும் முட்டை உற்பத்தி நிலையங்கள் இதன்படியே நடக்கின்றன. ஆதலின் இப்படிச் சோதித்த நோயற்ற முட்டையன்றி வேறு முட்டையை எந்த விலைக்கும் வாங்கற்க.

இவ்வளவையும் ஒவ்வொரு வீட்டிலும் செய்தல் அரிது என்பதனாலேயே இளம்புழு வளர்ப்பு மையங்கள் தோன்றின. ஒரே அறை, ஒரே சூடு, ஒரே தோட்டத்து இலை. இரண்டாம் தோலுரிப்புவரை அங்கே வளர்ந்த புழுக்களைக் குடியானவர் வாங்கிக்கொள்கிறார். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு மையம் வைப்பது கூட்டுறவுக்கு மிகவும் ஏற்ற பணி என்றே சொல்வேன். அத்தகைய மையத்திலிருந்து புழு கொண்டுவருவோர், அவை இரண்டாம் தோலுரிப்பில் அசையாது நிற்கும்போதே, வெயில் ஏறுமுன் எடுத்துவருதல் வேண்டும். வண்டியில் உரமூட்டையோ மருந்துப் புட்டியோ உடன் இருக்கலாகாது. வீடு சேர்ந்ததும் தட்டில் பரப்பி, எல்லாம் எழுந்தனவா என்று பார்த்து, பிறகே முதல் இலையை இடுக.