திரைச்சீலையில் ஓர் அரங்கம்

நுழையும்முன்

மேடையில் நடிகர் ஒருவர் முகத்தைத் திருப்பி, கையை உயர்த்தி நிற்கும் ஒரு கணத்தில் கதை முழுவதும் நமக்கு விளங்கிவிடுகிறது. அசையாத ஓவியத்தால் அத்தகைய கணத்தைப் படைக்க இயலுமா? இயலும் என்று காட்டியவர் இராஜா இரவிவர்மா. அவருக்குப் பெரும்புகழையும் கடுங்கண்டனத்தையும் ஒருங்கே தந்தது அந்த நாடகத்தன்மையே ஆகும்.

கலை சூழ்ந்த இளமை

திருவிதாங்கூர் நாட்டின் கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்தவர் இரவிவர்மா. அவருடைய தாயார் உமையம்பா தம்புராட்டி ‘பார்வதி சுயம்வரம்’ என்னும் துள்ளல் பாடலை இயற்றியவர். ஆட்டமும் பாட்டும் கதையும் நிறைந்த சூழலில் வளர்ந்த இரவிவர்மா, திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதைக் கண்டு எண்ணெய் வண்ண நுட்பங்களை அறிந்துகொண்டார்.

1888ஆம் ஆண்டு பரோடா மன்னர், இதிகாச, புராணக் காட்சிகளை 14 ஓவியங்களாகத் தீட்டித் தருமாறு வேண்டினார். திரௌபதியும் தமயந்தியும் எவ்வுடையில் தோன்றுவது? இவ்வினாவுக்கு விடை தேடி, தம்பி இராஜராஜவர்மாவுடன் வடநாடெங்கும் பயணம் செய்தார். இறுதியில் சேலையைத் தேர்ந்தார். அவருடைய ஓவியங்களில் பார்சி, மராத்தி நாடக மேடைகளின் சாயல் படிந்திருப்பதை ஆய்வாளர் சுட்டுவர்.

முள் எடுக்கும் சகுந்தலை

அவருடைய புகழ்பெற்ற சகுந்தலை ஓவியத்தைக் காண்போம். காளிதாசரின் நாடகத்தில் வரும் சிறு நிகழ்வே இதன் கரு. காலில் தைத்த முள்ளை எடுப்பவள்போலச் சகுந்தலை தோழியின் தோளைப் பற்றி நிற்கிறாள். கை காலைத் தொடுகிறது. முகமோ பின்புறம் திரும்புகிறது. அவள் தேடும் துஷ்யந்தன் ஓவியத்தில் இல்லை. எனினும் அந்தப் பார்வையே அவன் இருப்பை உணர்த்திவிடுகிறது.

இங்கு நடிப்புக்குள் ஒரு நடிப்பு உள்ளது. சகுந்தலை தோழியர்முன் நடிக்கிறாள். ஓவியரோ அவ்வுண்மையை நமக்கு மட்டும் காட்டுகிறார். உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்னும். பேச்சற்ற ஓவியத்திற்கு மெய்ப்பாடே மொழியாகிறது.

புகழும் கண்டனமும்

1894ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய அச்சகத்தின்வழி இரவிவர்மாவின் படைப்புகள் கல்லச்சுப் படங்களாகப் பரவின. கோயிலுக்குள் நுழையும் உரிமை பலருக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவு ஆணை 1936இல்தான் பிறந்தது. அச்சுப்படத்திற்கோ வாயிற்காவல் இல்லை. திருமகளும் கலைமகளும் எளியோர் வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தனர்.

ஈழத் தமிழ் மரபில் வந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இவ்வோவியங்கள் நாடகப்பாங்கானவை, இந்திய உணர்வு குன்றியவை எனக் குறைகூறினார். தெய்வங்கள் மேடை நடிகரைப்போலத் தோன்றுவது அவருக்கு உடன்பாடன்று. இக்கண்டனத்தை எளிதில் ஒதுக்க இயலாது. அச்சுப்படங்கள் பரவப் பரவ, தெய்வத்தின் முகம் என்றாலே மக்கள் மனத்தில் ஒரே சாயல் நிலைத்தது. வட்டாரந்தோறும் வழங்கிய வேறு சாயல்கள் பின்தங்கின.

ஆயினும் கதையைக் கண்டு மகிழும் மக்களுக்கு அவர்கள் அறிந்த கூத்தின் மொழியிலேயே ஓவியம் பேசியது. நாடகத்தன்மை அவ்வோவியங்களின் குறையா, நிறையா என்பது அவற்றின்முன் நிற்கும் ஒவ்வொருவரும் தம் கண்ணால் கண்டு தெளிய வேண்டியதாகும்.

தெரியுமா?

1913இல் ‘இராஜா ஹரிச்சந்திரா’ என்னும் பேசாப்படத்தை எடுத்த தாதாசாகேப் பால்கே, திரைத்துறைக்கு வருமுன் இரவிவர்மா அச்சகத்தில் பணியாற்றியவர்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டு நாட்காட்டியில் உள்ள தெய்வப் படம் ஒன்றை உற்றுநோக்கி, அதில் காணும் மெய்ப்பாட்டை விளக்கி எழுதுக.
2. ‘ஓவியத்தில் நாடகத்தன்மை தேவையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.