சர்தானா: பெயர் பழசு, ஆட்டம் புதுசு

பார்சலோனா பேராலயத்தின் முன்திடலில் பைகளை நடுவில் குவித்துவிட்டு, முன்பின் தெரியாதவர்களும் கைகோத்து ஆடுவார்கள். ஸ்பெயினின் கட்டலோனியா பகுதிக்குரிய அந்த வட்ட ஆட்டத்துக்குச் சர்தானா என்று பெயர். அதைச் சுற்றியுள்ள கதைகளில் சில:

நம்பிக்கை: பண்டைய கிரேக்கர்கள் விட்டுச்சென்ற ஆட்டம் இது.

உண்மை: இது 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்களின் ஆசை, சான்று கிடையாது. இன்று ஆடப்படும் 'நீண்ட சர்தானா' கட்டலோனியாவின் எம்போர்தா வட்டாரத்தில் அதே நூற்றாண்டின் நடுவில்தான் உருப்பெற்றது. மிகேல் பர்தாஸ் என்பவர் 1850இல் அதற்கு ஒரு பயிற்சி நூலே வெளியிட்டார்.

நம்பிக்கை: அசல் கட்டலோனியர்கள் மட்டுமே வளர்த்த கலை.

உண்மை: சர்தானா இசைக்கு இன்றைய வடிவம் தந்தவர்களில் முதல்வரான பெப் வெந்தூரா பிறந்தது தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியாவில், 1817இல். இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் தெனோரா என்ற கருவியைச் சர்தானா இசைக்குழுவில் முதன்மையாக்கியவர் அவரே.

நம்பிக்கை: பெயர் சார்டினியா தீவிலிருந்து வந்தது.

உண்மை: 16ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல் புழங்கியது. பழைய எழுத்துகளில் 'செர்தானா' என்றும் வருகிறது. ஆகவே பிரனீஸ் மலையிலுள்ள செர்தான்யா என்ற ஊர்ப்பகுதியோடு இணைத்துச் சொல்வதே வலுவான விளக்கம். ஆனால் அன்று அந்தப் பெயரில் ஆடியது இன்றைய ஆட்டமல்ல.

நம்பிக்கை: சர்தானா இசைக்குழுவில் 12 கருவிகள், ஆகவே 12 கலைஞர்கள்.

உண்மை: 'கோப்ளா' எனும் அந்த இசைக்குழுவில் இருப்பவர்கள் 11 பேர். ஒருவரே இடக்கையால் சின்னஞ்சிறு குழலை வாசித்தபடி, அதே கையில் கட்டிய சிறு மேளத்தை வலக்கைக் குச்சியால் தட்டுவார்.

நம்பிக்கை: கைகோத்துச் சுற்றினால் போதும்.

உண்மை: கணக்குத் தெரியாமல் ஆட முடியாது. குட்டை அடிகளுக்குக் கை தாழும், நீண்ட அடிகளுக்கு உயரும். இசை நிற்கும் நொடியில் கால்களும் சரியாக நிற்க வேண்டும். அதற்காகவே வட்டத்தில் ஒருவர் எண்ணிக்கொண்டே ஆடுவார்.

நம்பிக்கை: ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் காலம் முழுக்கச் சர்தானா தடைசெய்யப்பட்டிருந்தது.

உண்மை: தொடக்கத்தில் கெடுபிடி இருந்தது, பிறகு ஆட விட்டார்கள். தடையில் சிக்கியது குறிப்பாக 1907இல் பிறந்த 'லா சாந்தா எஸ்பினா' என்ற சர்தானா. பிராங்கோவுக்கு முன்பே சர்வாதிகாரி பிரிமோ தெ ரிவேராவின் ஆட்சியும் அந்தப் பாடலைத் தடுத்திருந்தது.

அங்கே போனால் தயங்காமல் கைகோருங்கள். ஜோடியாக ஆடுபவர்களுக்கு இடையில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள்.