நலப்பணியை அளக்கும் கோல்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (புள்ளியியல்) மாணவர்

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. துணியை அளக்க முழம் உண்டு. படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவருக்கு ஆற்றப்படும் பணியை எந்தக் கோலால் அளப்பது? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து நாட்டார் சென்ற கால் நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடி வருகின்றனர். கோலைப் பன்முறை மாற்றியும் விட்டனர். புள்ளியியல் பயிலும் நமக்கு இது சுவையான பாடம் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

அந்நாட்டில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலோ காப்பகத்திலோ உதவி கிடைக்கச் செய்வது உள்ளாட்சி மன்றங்களின் கடமையாகும். 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கெனத் தனித் துறையை அமைக்கச் செய்தது. பணி ஒழுங்காக நடக்கிறதா என்று மைய அரசு அறிய விரும்பியது. 1999-இல் ஏறத்தாழ 50 அளவுகள் கொண்ட ஒரு திட்டம் வந்தது. 2002 முதல் மன்றங்களுக்கு மூன்று வரை நட்சத்திரங்களும் வழங்கப்பட்டன. ஒரு நட்சத்திரமும் பெறாத மன்றங்களும் இருந்தன!

அக்கால அளவுகள் பெரும்பாலும் வேலையை எண்ணின. வாரத்திற்குப் 10 மணி நேரத்திற்கு மேலும் 6 முறைக்குக் குறையாமலும் பணியாளர் வந்து உதவும் வீடுகள், 65 வயது கடந்த ஆயிரம் பேருக்கு எத்தனை என்பது ஓர் அளவு. கைப்பிடிக் கம்பி போன்ற உதவிக் கருவிகளில் எத்தனை விழுக்காடு 7 வேலை நாட்களுக்குள் சேர்ந்தன என்பது மற்றொன்று. கம்பி ஏழாம் நாள் வந்துவிட்டால் கணக்குச் சரி. அது அந்த மூதாட்டியின் கைக்கு எட்டும் உயரத்தில் பொருத்தப்பட்டதா என்று அந்த எண் சொல்லாது.

2008 ஏப்ரலில் உள்ளாட்சிப் பணிகள் அனைத்திற்கும் சேர்த்து 198 அளவுகள் என வகுத்தனர். 2010-இல் ஆட்சி மாறியதும் அதுவும் கைவிடப்பட்டது. 2011-இல் முதியோர் உள்ளிட்ட வயது வந்தோர் நலத்திற்குப் புதிய சட்டகம் வந்தது. வேலையை எண்ணுவதை விட்டு விளைவைப் பார்ப்பது இதன் நோக்கம்.

அதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது 91-ஆம் நாள் கணக்கு. மருத்துவமனையிலிருந்து வெளிவரும் முதியவருக்கு மீண்டும் தானே எழுந்து நடமாடச் சில வாரம் பயிற்சியும் துணையும் தருவர். 91 நாள் கழித்து அவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்ப்பர். வீட்டில் இருந்தால் தொகுதியில் சேர்வார். மருத்துவமனைக்கோ காப்பகத்திற்கோ சென்றிருந்தால் பகுதியில் மட்டும் நிற்பார். இறந்தவரும் அப்படியே. இறப்புக்குப் பணியாளர் என்ன செய்வார் என்று முதலில் எனக்குச் சினமே வந்தது. ஆனால் இறந்தோரை நீக்கிவிட்டால் எத்தனை பேர் பிழைக்கவில்லை என்பதே அந்த எண்ணிலிருந்து மறைந்துவிடும் அன்றோ?

இதில் ஒரு சூழ்ச்சிக்கும் இடமுண்டு. இரண்டு மன்றங்களில் நூறு நூறு முதியோர் வெளிவருவதாகக் கொள்வோம். முதல் மன்றம் நலிவு குறைந்த 20 பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறது; 19 பேர் வீட்டில் இருக்கின்றனர். அது 95 விழுக்காடு. இரண்டாம் மன்றம் நோய் முற்றியவரையும் சேர்த்து 80 பேரை ஏற்கிறது; 60 பேர் வீட்டில் இருக்கின்றனர். அது 75 விழுக்காடுதான். பட்டியலில் முதல் மன்றமே மேலே நிற்கும். வீட்டில் இருப்போரோ 19-க்கு எதிராக 60! இதனை உணர்ந்தே, வெளிவந்தோரில் எத்தனை பேருக்கு இப்பணி தரப்பட்டது என்ற இரண்டாம் எண்ணையும் உடன் சேர்த்தனர். ஓர் எண்ணை நேர்மையாக வைத்திருக்க மற்றோர் எண் தேவைப்படுகிறது. அப்படியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிவந்தோரை மட்டுமே எண்ணினர். மூன்று மாதக் கணக்கே ஓராண்டின் மதிப்பாயிற்று.

பணி பெறுவோரையே கேட்பது மற்றொரு புதுமை. உணவு, தூய்மை, வீடு, பாதுகாப்பு, பிறரோடு பழகுதல், பொழுது போக்குதல், தம் வாழ்வு தம் கையில் இருத்தல், மரியாதையாக நடத்தப்படுதல் என எட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; முழு மதிப்பு 24. நாட்டின் சராசரி பல ஆண்டுகளாக 19-ஐ ஒட்டியே நிற்கிறது. உணவுக்கு 0 பெற்ற ஒருவர் ஏனைய ஏழிலும் 3 பெற்றால் அவர் எண் 21. பசித்திருப்பவர் சராசரிக்கு மேல்! கூட்டுச் சராசரியைப் பற்றி வகுப்பில் படித்தபோது இத்தனை தெளிவாக எனக்கு விளங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வரும் தாள்களைப் படித்து நிரப்புபவன் நானே. என் அப்பாயியிடம், "எப்படி இருக்கே அப்பாயி?" என்றால், "ஏதோ ஓடுது சாமி" என்பார். அதற்கு 1 இடுவதா, 2 இடுவதா? இங்கிலாந்திலும் பிறர் உதவியோடு நிரப்புவோர் பலர் இருப்பதால், யாரேனும் உதவினார்களா என்று அத்தாளிலேயே கேட்கின்றனர். ஒப்புதல் அளிக்கும் அறிவுநிலையை இழந்தவர்களோ கணக்கில் சேர்வதில்லை. மறதி நோய் முற்றியவருக்கு உணவு சரியாகக் கிடைக்கிறதா என்பதை இக்கேள்வித் தாளால் அறிய வழியில்லை.

ஆயினும் கேட்காமல் இருப்பதைவிடக் கேட்பது மேல் என்பதே என் கருத்து. 7 நாள் கணக்கில் அம்மூதாட்டிக்கு வாயே இல்லை. இங்கே 24-இல் ஓர் எண்ணாகவேனும் அவர் பேசுகிறார்.

2023 ஏப்ரல் முதல் மன்றங்கள் தாமே கூட்டிக் கழித்த எண்களுக்கு மாறாக, ஒவ்வொருவரின் பதிவையும் தனித்தனியே காலாண்டுதோறும் அரசுக்கு அனுப்ப வேண்டும். எண்ணும் வேலை மன்றத்தின் கையை விட்டுப் போகிறது. இது நல்ல மாற்றமே. ஆனால் புதிய முறையில் வரும் எண்ணைப் பழைய எண்ணோடு அப்படியே ஒப்பிட இயலாது. ஒரு மன்றம் பத்தாண்டில் முன்னேறியதா, பின்தங்கியதா என்று காட்டிய தொடர் அங்கே அறுபடுகிறது.