மண்ணுக்கு அடியில் ஒரு செல்வம்

தாய்லாந்தின் வடகிழக்கில் உதோன் தானி மாகாணம் உள்ளது. அங்குள்ள ஒரு சிற்றூர் பான் சியாங். நெல் விளையும் ஊர்.

1966-ஆம் ஆண்டு அங்கு வந்த அமெரிக்க மாணவர் ஒருவர் மர வேர் தடுக்கி விழுந்தார். அந்த இடத்தில் பழம்பானைகளின் விளிம்புகள் தெரிந்தன. செய்தி பரவியது. பானை வாங்க வியாபாரிகள் வந்தனர். ஏழை மக்கள் வீட்டின் அடியிலேயே தோண்டி எடுத்து விற்றனர். கையில் காசு வந்தது. ஆனால் வரலாறு கலைந்தது. பானை எந்த மண் அடுக்கில் இருந்தது என்று தெரிந்தால் அதன் காலத்தை அறிவது எளிது.

பின்னர் அரசு கண்டபடி தோண்டுவதைத் தடுத்தது. 1974, 1975-ஆம் ஆண்டுகளில் அறிஞர்கள் முறையாகத் தோண்டினர். முன்னோர் நெல் பயிரிட்டதும் வெண்கலம் வார்த்ததும் தெரியவந்தன. 1992-இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இன்று அங்கே அருங்காட்சியகம் உள்ளது. பயணிகள் வருகிறார்கள். ஊர் மக்கள் புதுப் பானை வனைகிறார்கள். பழைய மாதிரியில் செந்நிறச் சுருள்கள் தீட்டி விற்கிறார்கள். பழம்பானையை ஒருமுறைதான் விற்கலாம். கைத்தொழிலோ நாளும் சோறு போடும்.

சிந்தியுங்கள்: உங்கள் நிலத்தை உழும்போது பழம்பொருள் கிடைத்தால் யாரிடம் சொல்வீர்கள்?