வழக்கறிஞரை நாடுமுன்

திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் பூண்ட விருத்தாசலம், மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த தொன்மையான ஊர். பழமலைநாதர் திருக்கோயில் அவ்வூருக்குப் பழம்பெருமை தந்தது. பீங்கான் தொழில் புதுப்பெருமை தந்தது. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் அங்கு உள்ளன. சூளையில் வெந்த பொம்மைகளும், மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் பொருள்களும் அங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன. சரக்குச் செல்லும் இடமெல்லாம் கொடுக்கல் வாங்கல் உண்டு. கொடுக்கல் வாங்கல் உள்ள இடத்தில் ஒரோவழி வழக்கும் எழுதல் இயல்பே. அவ்வாறு எழுங்கால் வழக்கறிஞரை எவ்வாறு தேர்வது, அவரை முதன்முதல் காணச் செல்லுங்கால் எவற்றைக் கொண்டு செல்வது என்பன குடிமக்கள் யாவரும் அறிந்திருக்க வேண்டியவை.

சிறு பீங்கான் பட்டறை ஒன்றின் உரிமையாளர், வெளியூர் வணிகர் ஒருவருக்குச் சரக்கு அனுப்பினார் எனக் கொள்வோம். தவணை எதுவும் பேசவில்லை. பாதித் தொகை வந்தது, மீதி வரவில்லை. கேட்டபோதெல்லாம் வணிகர் சாக்குச் சொல்லி வந்தார். மூன்று ஆண்டும் இரண்டு திங்களும் கழிந்தன. சூளைக்கு எரிபொருள் வாங்கவும் தொழிலாளர்க்குக் கூலி கொடுக்கவும் பணமின்றி அவர் வாடினார். இறுதியில் வழக்குத் தொடரத் துணிந்தார்.

அவர் முதற்கண் செய்ய வேண்டுவது யாது? தக்க வழக்கறிஞரைத் தேர்தல். விருத்தாசலத்திலேயே சார்பு நீதிமன்றமும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றமும் உள்ளன. ஆதலின் அந்நீதிமன்றங்களில் நாள்தோறும் வழக்காடும் உள்ளூர் வழக்கறிஞரை அமர்த்துதல் எளிது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு பெற்றவரே வழக்கறிஞராகத் தொழில் புரியலாம். அவர் விளம்பரம் செய்து ஆள் சேர்த்தலும், தரகரை ஏவிக் கட்சிக்காரரை அழைத்தலும் தொழில் விதிகளுக்கு மாறானவை. ஆகவே, நீதிமன்ற வாயிலில் கையைப் பற்றி இழுப்பவரைப் பின்தொடராது, முன்பு வழக்காடியவர்களைக் கேட்டறிதல் நன்று. கொடுக்கல் வாங்கல் வழக்குக்கு உரிமையியல் வழக்குகளில் பழகியவரையே நாடுதல் வேண்டும். எதிர்த் தரப்பினர்க்கு அவர் முன்பே ஆலோசனை கூறியுள்ளாரா என்பதையும் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

வழக்கறிஞரைக் காணச் செல்லுமுன், நிகழ்ந்தவற்றை நாள் வரிசைப்படி ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். என்று சரக்கு அனுப்பப்பட்டது, என்று எவ்வளவு தொகை வந்தது, யார் யார் உடனிருந்தனர் என்பவற்றைச் சினமும் புலம்பலும் கலவாமல் எழுதுதல் வேண்டும். பட்டியல், லாரி ரசீது, பேரேடு, வங்கிக் கணக்கு, கடிதங்கள், கைபேசியில் வந்த செய்திகள் ஆகிய அனைத்தையும் அதே வரிசையில் அடுக்கிக்கொள்ள வேண்டும். நிலத்தைப் பற்றிய வழக்காயின் கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை வேண்டும். நீதிமன்றத்தின் அழைப்பாணை கைக்கு வந்திருப்பின், ஒரு நாளும் தாழ்த்தாது செல்லுதல் வேண்டும். உரிமையியல் வழக்கில், அழைப்பாணை சார்பு செய்யப்பட்ட 30 நாள்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும் என்பதே பொதுவிதி.

நம் பட்டறை உரிமையாளரும் தாள்களை அடுக்கினார். அவற்றுள் வணிகர் ஈராண்டுகளுக்கு முன் கையொப்பமிட்டு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. வந்த சரக்கில் ஒரு பகுதி உடைந்திருந்தது என்றும், மீதித் தொகையைச் சிறிது காலத்தில் தருவதாகவும் அதில் எழுதியிருந்தார். ‘உடைசல் என்னும் சொல் நமக்குக் கேடாகுமே!’ என்று அஞ்சிய உரிமையாளர், அக்கடிதத்தை மறைத்துவிட எண்ணினார்.

அவர் அவ்வாறு செய்திருப்பின் வழக்கே வீழ்ந்திருக்கும். 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, தவணை பேசாது விற்ற சரக்கின் விலைக்குச் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அக்காலம் கடந்துவிட்டது. ஆயினும், அது கடக்குமுன் கடனாளி கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், அந்நாள் முதல் புதிய காலவரம்பு தொடங்கும். மறைக்க எண்ணிய கடிதமே அவருக்கு இன்னும் ஓராண்டு காலம் ஈந்தது! எத்தாள் நன்மை செய்யும், எத்தாள் தீமை செய்யும் என்பதை ஆய்ந்து கூறுதல் வழக்கறிஞர் கடன். எல்லாவற்றையும் அவர்முன் வைத்தல் கட்சிக்காரர் கடன். மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் உண்மையை ஒளிக்கலாகாது எனப் பெரியோர் கூறுவது இது பற்றியே. தொழில்முறையில் கட்சிக்காரர் கூறியதை, அவர் இசைவின்றி வழக்கறிஞர் வெளியிடலாகாது எனச் சட்டமும் காவல் செய்கிறது. குற்றம் புரிவதற்காகக் கூறப்பட்ட சொல்லுக்கு மட்டும் அக்காவல் இல்லை.

தமிழர் ஒருவர் வழக்கறிஞரை நாடிச் சென்ற நிகழ்ச்சி ஒன்று வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. 1894-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் காந்தியடிகள் வழக்கறிஞராக இருந்தார். அவர் தொழில் தொடங்கிச் சில திங்களே ஆகியிருந்தன. பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, முதலாளியால் அடிபட்டு முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிய, தலைப்பாகையைக் கையிலேந்தி அழுதுகொண்டு வந்து நின்றார். காந்தியடிகள் தலைப்பாகையை அணிந்துகொள்ளுமாறு அவரிடம் கூறினார். தம் எழுத்தராகிய தமிழர் வாயிலாக நடந்ததைக் கேட்டறிந்தார். உடனே அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்திற்குச் சான்று பெற்றார். அதன் பின்னரே நடுவரிடம் அழைத்துச் சென்றார். ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய சட்டத்தையும் கற்றார். முதலாளியைத் தண்டிப்பது அவர் நோக்கமன்று. பாலசுந்தரம் விடுதலை பெறுவதே நோக்கம். முடிவில் அவ்வேழைத் தொழிலாளி வேறொரு முதலாளியிடம் மாற்றப்பட்டார்.

இந்நிகழ்ச்சியால் நாம் அறிவன மூன்று. நாடி வருபவர் எத்துணை எளியவராயினும் மதிப்புக்குரியவர். சான்றினைக் காலம் தாழ்த்தாது திரட்டுதல் வேண்டும். தாம் வேண்டுவது யாது என்பதைத் தெளிதல் வேண்டும். பட்டறை உரிமையாளர் வேண்டுவது தம் பணமா, வணிகரின் அவமானமா? பணமே எனின், வழக்கு ஒன்றே வழியன்று. முறையான அறிவிப்பு அனுப்பலாம். பதிவு பெற்ற சிறுதொழிலாயின், 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி சரக்குக்குரிய தொகையை வாங்கியவர் 45 நாள்களுக்கு மேல் தாழ்த்தலாகாது. தாழ்த்தின் அச்சட்டத்தின்கீழ் அமைந்த மன்றத்தில் முறையிடலாம். மக்கள் நீதிமன்றத்தில் இசைந்து தீர்த்துக்கொள்ளவும் கூடும். அத்தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, அதன்மேல் முறையீடும் இல்லை.

முதற் சந்திப்பிலேயே கட்டணத்தையும் பேசிக்கொள்ளுதல் முறை. வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், பிற செலவுகள் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டறிய வேண்டும். வென்றால் இத்தனை பங்கு என்று பேசுதல் நம் நாட்டில் விதிகளுக்கு முரணானது. வக்காலத்தைப் படித்தறிந்தே கையொப்பமிட வேண்டும்; வெற்றுத் தாளில் கையொப்பமிடலாகாது. மூல ஆவணங்களை ஒப்படைப்பின், அவற்றுக்கு ஒப்புகைச் சீட்டுப் பெறுதல் நன்று.

பொருளில்லையே என்று எவரும் உரிமையைக் கைவிட வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பெண்கள், சிறுவர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுடையோர் முதலியோர் கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறலாம். களிமண் பிசையும் பெண்ணும் தன் கூலிக்காக அவ்வுதவியைக் கேட்டுப் பெறலாம். வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

பச்சை மண்ணில் உள்ள வெடிப்பை வனைபவர் கண்டால் அப்போதே திருத்தலாம். சூளையில் வெந்த பின் திருத்த இயலாது. வழக்கின் குறையும் அத்தகையதே. முதல்நாளிலேயே உண்மையை முழுவதும் உரைப்பவர்க்கே வழக்கறிஞரின் கல்வி துணை செய்யும்.